பனிநாளில் சாவி வாங்கிய கை

சாந்தாமணி என்பது அவர்தம் பெயர். கிணத்துக்கடவு அவர்தம் ஊர். விடியுமுன் முதற்பேருந்தேறி வந்து, இறங்கியவுடன் ஓடுபாதையின் திசை நோக்கிக் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது அவர்தம் பழக்கம். எங்கள் விமான நிலையத்தின் ஓடுபாதைப் பாதுகாப்புப் பொறுப்பாளராய்ப் பன்னெடுங்காலம் பணியாற்றி இன்று ஓய்வு பெறும் அவ்வம்மையார், தேநீரை ஆறவிட்டே அருந்துவார்; ஒருவர்க்காக மற்றொருவர் சொல்லும் சொல்லை நம்பமாட்டார். கண்ணியத்தின் கருவூலமே, கடமையின் காவலே என்றழைத்தால் கூச்சப்படுவார் என்பதறிந்தும், அவ்வாறே அழைத்து, ஓடுபாதைப் பிரிவுத் தோழர்களாகிய நாங்கள் இம்மடலை அவர் திருமுன் படைக்கின்றோம்.

மார்கழி விடியலில் ஓடுபாதைமேல் பனி வந்து படியும். பார்வைத் தொலைவு வகுத்த அளவிற்குக் கீழே குறைந்துவிட்டால், விமானம் மேலெழும்புவதற்கான விதிகள் இறுகும். நடுக்கோட்டு விளக்குகள் பழுதின்றி எரிதல் வேண்டும். புல்வெட்டுவோர் முதல் விளக்குப் பழுதுபார்ப்போர் வரை அனைவரும் தத்தம் வண்டிகளோடு வெளியேறியிருத்தல் வேண்டும். ஓடுபாதை காலி என்னும் சொல் கட்டுப்பாட்டுக் கோபுரத்தைச் சேர்ந்த பின்னரே விமானம் ஓடத் தொடங்கலாம். பனிக்குள் நிற்கும் வண்டியை விமானி கண்டு நிறுத்துதல் இயலாதாகலின், அவ்வொரு சொல்லின்மேல் அத்தனை உயிர்களும் அமர்ந்திருக்கின்றன. அதைச் சொல்லும் பொறுப்பு அம்மையாருடையது.

நம் பக்கத்தார்க்கு ஒரு மரியாதை உண்டு. காத்திருப்பவர் மனம் நோகலாகாதென்று, வராதவரையும் "வந்துட்டாருங்க" என்று சொல்லிவிடுவோம். இதனை நன்கறிந்த அம்மையார், விதிநூலில் இல்லாத வழக்கமொன்றை ஏற்படுத்தினார். பனிநாளில் வாக்கி டாக்கியில் பதிலுரைத்தால் மட்டும் போதாது. வெளிவந்த ஒவ்வொருவரும் வண்டிச் சாவியைத் தம் கையாலேயே அவருடைய உள்ளங்கையில் வைத்தல் வேண்டும். "அக்காவோட உண்டியல்ல காணிக்கை போட்டாச்சுங்களா?" என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டே நாங்களும் வைத்து வந்தோம்.

சென்ற மார்கழியில் ஒருநாட்காலை, பயணியர் நிறைந்த விமானமொன்று ஓடுபாதையின் முனையில் காத்து நின்றது. உதவிப் பொறுப்பாளர் சுஃப்யான் தம் சாவியை வைத்துவிட்டு, "ரூபனும் பின்னாலயே வாரானுங்கக்கா. நீங்க சொல்லிப்போடுங்க" என்றார். விளக்குப் பழுதுபார்க்கும் ரூபனை அம்மையார் பெயர் சொல்லி அழைத்தார்.

"வெளியே வந்துட்டேனுங்கக்கா."

ரூபனின் குரலேதான். எங்கள் பணியறையிலிருந்த அனைவரும் கேட்டோம். எனினும் அக்குரலுக்குப் பின்னால் வண்டியின் இரைச்சல் இல்லை, காற்று இல்லை, பேசுகின்ற மனிதனின் மூச்சும் இல்லை.

பணிமேலாளர் சாய்குமார் தவித்தார். பனி மேலும் அடர்ந்தால் விமானம் புறப்படவே இயலாது.

"ஏனுங்க மேடம், அதான் கொரல் கேட்டுச்சில்லீங்க?"

"கேட்டுச்சுங்க. சாவி வரலீங்களே."

"சாவியப் போட்டுத்தான் ப்ளேன ஸ்டார்ட் பண்றாங்களா? லேட்டானதுக்கு மேலிடத்துக்கு யாரு பதில் சொல்றதுங்க?"

"நான் சொல்லிக்கிறேனுங்க. கொரலுக்குக் கையில்லீங்க."

விமானத்தை நிறுத்தி வைக்குமாறு கோபுரத்திற்கு உரைத்து, அனுமதி பெற்று, சுஃப்யானுடன் ஜீப்பில் ஏறி ஆள்நடை வேகத்தில் பனிக்குள் புகுந்தார். ஓடுபாதையின் நட்டநடுவே, விளக்கணைந்து நின்றது ரூபனின் வண்டி. கடுங்காய்ச்சலில் நினைவிழந்து, ஸ்டியரிங்கின்மேல் கவிழ்ந்து கிடந்தார் அவர். வாக்கி டாக்கியின் பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது. ரூபனை வண்டியோடு வெளியே கொண்டுவந்த பின்னர், அம்மையார் சாவியை எடுத்து, நினைவற்ற அவருடைய விரல்களுக்குள் வைத்து மூடி, அவ்விரல்களைத் தம் உள்ளங்கைமேல் விரித்து வாங்கிக்கொண்டார். அதன் பின்னரே ஓடுபாதை காலி என்றார்.

"நான் வாயே தொறக்கலீங்கக்கா" என்று மருத்துவமனையில் ரூபன் சொன்னார். கோபுரத்தின் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம். அம்மையார் அழைக்கிறார், அதன்பின் நெடிய மௌனம், பதிலே இல்லை. அன்றுமுதல் சாய்குமாரும் தம் காரின் சாவியைக்கூடக் கொண்டுவந்து அம்மையார் கையில் வைக்கின்றார்.

இன்னமும் பனி இறங்கும் காலைகளில், எல்லாச் சாவிகளும் வந்து சேர்ந்த பின்னர், சில வேளைகளில் மேசைமேலிருக்கும் வாக்கி டாக்கி தானே பேசும். "வெளியே வந்துட்டேனுங்கக்கா." எங்களருகில் தேநீர் அருந்திக்கொண்டிருக்கும் ரூபன் தலை நிமிர்வதில்லை. அம்மையார் மட்டும் வெற்றுள்ளங்கையை மேசைமேல் விரித்து, சிறிதுநேரம் காத்திருந்துவிட்டு மடக்கிக்கொள்வார்.

அத்தகைய கைக்கு இனி நெடுநாள் ஓய்வு கிட்டுக; கண்ணொளி மங்காதிருக்க; கிணத்துக்கடவின் காற்றும் கதிரொளியும் அவருடைய உடல்நலம் பேணுக என்று, ஒப்பமிட்ட நாங்கள் அனைவரும் வாழ்த்துகின்றோம்.

இவ்வாழ்த்தோடு முடிப்பதாகவே இருந்தோம். ஆயினும் இன்று காலை நிகழ்ந்ததையும் சேர்த்தெழுதுதல் முறை. அவரைப் பிரிய மனமின்றி, பனிநாட்களில் மட்டும் வீட்டிலிருந்தபடியே போனில் கேட்டறிந்து, ஓடுபாதை காலி என்னும் அந்த ஒரு சொல்லைக் கோபுரத்திற்குச் சொல்லுமாறு சாய்குமார் வேண்டினார். அம்மையார் ஆறிய தேநீரைக் குடித்து முடித்தார். தம் ஜீப்பின் சாவியைச் சுஃப்யானின் உள்ளங்கையில் வைத்து, அக்கையை ஒரு கணம் பற்றியிருந்தார்.

"இனி இவரு கை இங்க இருக்குதுங்க, இவரே வாங்கட்டும்" என்றார். "நான் வெறுங் கொரலா இருக்க மாட்டேனுங்க."