சாரல் என்று சொன்னவர்

மேடையில் வீற்றிருக்கும் நம் நடை மன்றத் தலைவர் சங்கரபாண்டி அண்ணாச்சி அவர்களே. மன்றப் பொறுப்பாளர்களே. முன்வரிசையில் இருக்கும் சாரின் மனைவி உலகம்மை அம்மா, மகள் ஜெயபிரியா. தென்காசியிலிருந்தும் ஆய்க்குடியிலிருந்தும் சிவகிரியிலிருந்தும் நனைந்தபடி குற்றாலத்தில் இந்த விடுதிக் கூடத்துக்கு இரங்கலுக்காக வந்து சேர்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வெளியே நிற்கும் ஒருவனுக்கும் வணக்கம். அவனைப் பற்றிப் பிறகு.

என் பெயர் சங்கரேஸ்வரி. பள்ளியில் இசக்கிதுரை சாரிடம் கோ-கோ விளையாடக் கற்றவள். போன மாதம் அவரோடு இமாச்சலத்துக் கணவாய்க்குப் போன மூவரில் ஒருத்தி. மற்ற இருவர் பாண்டிராஜ் அண்ணனும் ஹுஸைஃபாவும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை மலைச்சிங்கம் என்றார்கள். எனக்கு அவர் பி.டி. சார். கழுத்தில் விசில். தோளில் சிவப்புத் துண்டு. வாயில் வசவு.

அவர் என்ன செய்தார்? சர்க்கரை வியாதிக்காரர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பினார். விடியுமுன் வாசலில் நின்று விசில் அடிப்பார். தெருவே விழித்துக்கொள்ளும். "ஏலே, மாத்திரைய முழுங்கிட்டு மல்லாந்து கெடக்கியா? ஒங் கால வச்சு எவன் நடப்பான், ஒங்க அப்பனா?" இந்தக் கூடத்தில் பாதிப் பேருடைய கால்கள் அந்த வசவுக்குக் கடன்பட்டவை.

அவர் என்ன செய்தார்? ஐந்தருவியில் வெள்ளம் புரண்ட அன்று வெளியூர்ப் பெண் ஒருத்தி கம்பியைப் பிடித்துத் தொங்கினாள். எல்லோரும் கயிறு தேடினோம். சார் வேட்டியை உருவி முறுக்கி வீசினார். டிராயரோடு நின்று இழுத்தார். கரையேறியவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை: "பிடிக்கத் தெம்பில்லாதவளுக்கு இங்கன என்ன சோலி?" அவள் தேம்பி அழுதாள். அதன்பின் ஒவ்வொரு தீபாவளிக்கும் அவருக்கு ஃபோன் செய்தாள்.

அவர் என்ன செய்தார்? ரூபி இங்கே இருக்கிறாள். ஆய்க்குடியிலிருந்து சக்கர நாற்காலியில் வந்திருக்கிறாள். அருவிச் சத்தத்தைச் சாலையில் இருந்தே கேட்டு வளர்ந்தவள். சார் அவளை முதுகில் சுமந்து பழைய குற்றாலத்தில் தண்ணீருக்குக் கீழே கொண்டுபோனார். அவள் பயந்து கத்தினாள். "அழுதா கீழ போட்ருவேன்" என்றார். அவள் சிரிக்கத் தொடங்கினாள். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று என்னிடம் சொன்னவள் ரூபிதான்.

இதெல்லாம் உண்மை. ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

அவருடைய அன்புக்கும் கொடுமைக்கும் ஒரே குரல். எது எது என்று பிரிக்க நாம் கற்றுக்கொள்ளவில்லை. பிரிக்கும் தேவையும் வரவில்லை. குற்றாலத்தில் அதனால் யாரும் சாகவில்லை.

நம் மன்றத்தின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். குடை கூடாது. மழைக்கோட்டு கூடாது. சாரலில் நனைந்த சட்டை உடம்பிலேயே காய வேண்டும். மாற்றுச் சட்டை கொண்டுவந்தவன் நடுரோட்டில் தோப்புக்கரணம் போட வேண்டும். "சாரல் நம்ம ஊரு மருந்துலே. மருந்தத் தொடைக்கியா?" என்பார் சார். நாம் சிரிப்போம். நனைவோம். அருவிக்கரையில் டீக்கடை இருக்கும். சூடாக மிளகாய் பஜ்ஜி இருக்கும். மத்தியானம் வெயில் அடிக்கும். காய்ந்துவிடுவோம். இந்த ஊரில் ஈரம் மன்னித்துவிடும்.

எல்லா ஊர் ஈரமும் அப்படித்தானா?

அந்தக் கணவாயின் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. 'பெரிய ஆரியங்காவு' என்று பெயர் வைத்தார். செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிக் கேரளாவுக்குப் போய் டீ குடித்துத் திரும்புகிறவர் அவர். இதையும் அப்படித் தாண்டலாம் என்று நினைத்தார். மேலே மரம் கிடையாது. புல் கிடையாது. கல்லும் பனியும். மூச்சைத் தேடித் தேடி இழுக்க வேண்டும்.

ஏறும் அன்று காலையில் மழையும் பனியும் கலந்து விழத் தொடங்கின. நாங்கள் மன்றத்தின் மஞ்சள் பருத்திப் பனியனில் இருந்தோம். அதற்கு மேல் ஒரு பருத்திச் சட்டை. வழிகாட்டி நின்றார். ஹிந்தியில் ஏதோ சொன்னார். எங்களில் ஹிந்தி தெரிந்தவன் ஹுஸைஃபா மட்டும். துபாயில் வேலை பார்த்தபோது கற்றது.

"சார், நனைஞ்ச துணியோட மேல போகக் கூடாதுங்காரு. இப்பவே மாத்தணுமாம். இல்லன்னா திரும்பிரணுமாம்."

சார் வானத்தைப் பார்த்தார். நாக்கை நீட்டி ஒரு துளியை வாங்கிக்கொண்டார்.

"இது சாரல்லே."

"சார், இது வேற."

"குத்தாலத்துக்காரனுக்கு மழையச் சொல்லிக் குடுக்கானா அவன்? சொல்லுலே அவன்ட்ட."

ஹுஸைஃபா அதை மொழிபெயர்க்கவில்லை. அவனுடைய கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. தன் பையிலிருந்து உலர்ந்த கம்பளி ஸ்வெட்டரை எடுத்தான். தான் போட்டுக்கொள்ளவில்லை. சாரிடம் நீட்டினான்.

"நீங்க போடுங்க சார். வயசானவங்களத்தான் மொதல்ல குளிரு தாக்குமாம்."

எச்சரிக்கை அவன் வாயிலிருந்து வந்தது. மரியாதையும் அவன் கையிலிருந்து வந்தது. இரண்டையும் சார் அவமானமாக எடுத்துக்கொண்டார்.

"ஏசி ரூம்ல ஊறுன ஒடம்புலே ஒனக்கு. நடுங்குதியா? போ. கீழ போயி எங்களுக்கு டீ போட்டு வை." ஸ்வெட்டரை வாங்கி என் மேல் எறிந்தார். "இந்தா ஏட்டி, பொம்பளப் பிள்ள நீ போட்டுக்க."

நான் போட்டுக்கொண்டேன். அதனால்தான் இங்கே நின்று பேசுகிறேன். அவருடைய கேலி என்னைக் காப்பாற்றியது. இதையும் அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

ஹுஸைஃபா எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டான். "எல்லாருமே எறங்கிருவோமே." நாங்கள் சாரைப் பார்த்தோம். வழிகாட்டியின் உதவியாளோடு அவன் இறங்கினான். அப்போது சார் விசில் அடித்தார். பள்ளியில் ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருபவனுக்கு அவர் செய்ய வைப்பதை அங்கேயும் செய்ய வைத்தார்.

"கையத் தட்டுங்கலே."

தட்டினோம், மெதுவாக. ஒவ்வொன்றாக. அவன் முதுகு மறையும் வரை. மலையில் கைதட்டல் எப்படிக் கேட்கும் தெரியுமா? திரும்பி வரும்.

சற்று முன் அண்ணாச்சி இதே மைக்கில் பேசினார். ஒருவன் பாதியில் ஓடாமல் இருந்திருந்தால், உதவியாளையும் கூட்டிக்கொண்டு போகாமல் இருந்திருந்தால், நம் மலைச்சிங்கம் இன்று உயிரோடு இருக்கும் என்றார். பெயர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது. நீங்கள் கைதட்டினீர்கள்.

இரங்கல் கூட்டத்தில் யாராவது கைதட்டுவார்களா? தட்டினீர்கள். எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

அண்ணாச்சி, நீங்கள் அங்கே இல்லை. நான் இருந்தேன்.

வழிகாட்டி சொன்னதை மீறி உச்சிக்குப் போனோம். உண்மை. படம் எடுத்தோம். வாசலில் நீங்கள் வைத்திருக்கும் ஃப்ளெக்ஸ் அந்தப் படம்தான். இரண்டு கைகளையும் விரித்துச் சிரிக்கிறார். உதடுகளைப் பாருங்கள். அடித்துக் கொடுத்தவர் சிவப்பு ஏற்றியிருக்கிறார். என் ஃபோனில் இருக்கும் படத்தில் அவை நீலம். நீங்கள் மாலை போட்டிருப்பது வெற்றி பெற்ற மனிதருக்கு அல்ல. அந்த நிமிடம் செத்துக்கொண்டிருந்த மனிதருக்கு.

எதிர்ப்பக்கம் மேகம் மூடிவிட்டது. வந்த வழியே இறக்கினார் வழிகாட்டி. கொஞ்ச தூரம்தான். சார் ஒரு பாறையில் உட்கார்ந்தார். அதுவரை பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. நின்றுவிட்டன. சரியாகிவிட்டது என்று பாண்டிராஜ் அண்ணன் சொன்னார். வழிகாட்டியின் முகத்தைப் பார்த்தேன். சரியாகவில்லை.

அவருடைய கடைசி வார்த்தை என்று பத்திரிகையில் ஒன்று வந்திருக்கிறது. மேடையிலும் சொன்னார்கள். 'மன்றத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' பாண்டிராஜ் அண்ணன் உலகம்மை அம்மாவிடம் சொன்னது அது. அன்பினால் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை.

நேற்று ஜெயபிரியா என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, அப்பா ஒருநாளும் அப்படிப் பேசமாட்டாவ. என்ன சொன்னாவ?"

சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள். "நாளைக்கு மைக்ல சொல்லுக்கா. எங்கம்மையும் கேக்கட்டும்."

அதனால் சொல்கிறேன்.

சார் சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார். சட்டையை உருவினார். பனியனை உருவினார். நாங்கள் பிடித்துப் போர்த்தப் பார்த்தோம். கையைத் தட்டிவிட்டார். குளிரில் உறைந்து சாகிறவர்களுக்குக் கடைசியில் உடம்பு எரிவதுபோல் இருக்குமாம். வழிகாட்டி எனக்குச் சைகையில் புரியவைத்தார். சார் சட்டையை மடித்துப் பாறையில் வைத்தார். அருவிக்கரையில் எப்படி மடித்து வைப்பாரோ அப்படி. துண்டை இடுப்பில் கட்டினார். அவர் கண் முன்னால் அருவி இருந்தது.

"எண்ண தேய்க்கிறவன் எங்கலே?" என்றார்.

"வருவாரு சார்" என்றேன்.

சுற்றிப் பார்த்தார். பனி. கல். மேகம்.

"கூட்டமே இல்லலே" என்றார். "இன்னைக்கு நமக்குத்தான்."

சந்தோஷமாகச் சொன்னார். அவ்வளவு சந்தோஷமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. அதுதான் கடைசி. மன்றத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நம்மில் யாரைப் பற்றியும் சொல்லவில்லை. அருவியில் கூட்டம் இல்லை. அது போதுமாக இருந்தது.

அவருடைய பையில் ஜெயபிரியா வாங்கிக் கொடுத்த மழைக்கோட்டு இருந்தது. மடிப்புக் கலையவில்லை. முந்தின இரவு அதைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார்.

அப்போது கீழேயிருந்து விசில் சத்தம் கேட்டது. சாருடையது அல்ல. ஏறி வந்துகொண்டிருந்தான் ஹுஸைஃபா. கூடாரத்துக்குப் போய்ச் சேர்ந்து, உலர்ந்த உடுப்பு மாற்றி, திரும்பிப் பார்த்திருக்கிறான். உச்சியை மேகம் மூடியிருந்தது. யாரும் அவனைக் கூப்பிடவில்லை. சமையல்காரர்கள் இருவரையும் அந்த உதவியாளையும் எழுப்பிக் கம்பளிகளோடும் வெந்நீரோடும் திரும்ப ஏறிவிட்டான். கைதட்டி அனுப்பப்பட்ட அதே வழியில்.

கம்பளியில் சுற்றினோம். ஹுஸைஃபா அவரை முதுகில் ஏற்றிக் கட்டிக்கொண்டான். கல்லில் கல்லில் கால்வைத்து இறங்கினான். நான் பின்னாலேயே வந்தேன். வழி முழுக்க அவன் பேசிக்கொண்டே வந்தான்.

"சார், தூங்காதீங்க. தூங்குனா கீழ போட்ருவேன். சத்தியமாப் போட்ருவேன் சார்."

சாரிடமிருந்து கற்ற வார்த்தை. சாருக்கே திரும்பப் போனது. ரூபியைச் சிரிக்க வைத்த வார்த்தை. அன்று யாரும் சிரிக்கவில்லை. கூடாரம் கண்ணில் படும்போது தலை அவன் தோளிலிருந்து நழுவியது. அவன் நிற்கவில்லை. சாமான் கூடாரத்துக்குள் போய் இறக்கும் வரை பேசிக்கொண்டேதான் இருந்தான்.

இசக்கிதுரை சாரைக் கொன்றது எது? மலையா? குளிரா? ஓடிப்போனவனா? ஈரச் சட்டை கொன்றது. அதைக் கழற்றச் சொன்னவனைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு கொன்றது. இது சாரல் என்ற ஒரு சொல் கொன்றது. அந்தச் சொல்லை அவருக்கு யார் கொடுத்தது? ஒவ்வொரு ஞாயிறும் தோப்புக்கரணத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்து, நாம்தான் கொடுத்தோம்.

அடுத்த ஆண்டு அதே கணவாய்க்கு, அதே மஞ்சள் பனியனில், அவருடைய படத்தை ஏந்திப் போகப்போவதாக அண்ணாச்சி அறிவித்திருக்கிறார். படத்தை ஜெயபிரியா சுமப்பாள் என்றும் அறிவித்திருக்கிறார். அவளிடம் கேட்டீர்களா?

அவருடைய பணியைத் தொடர்வதாக எல்லோரும் உறுதி சொன்னார்கள். நானும் சொல்கிறேன். விடியுமுன் விசில் அடிப்பேன். ரூபிக்கு என் முதுகு உண்டு. அந்தக் கணவாய்க்கும் ஒருநாள் போவேன். உலர்ந்த கம்பளியில். ஒருவர் திரும்புவோம் என்றால் எல்லோரும் திரும்புவோம். கைதட்ட மாட்டோம்.

இனி அந்த ஒருவனைப் பற்றி.

ஹுஸைஃபா கூட்டம் தொடங்கும் முன்பே வந்துவிட்டான். வாசலில் ஒருவர் அவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "நாற்காலி இல்லப்பா. நீ வெளியவே நின்னுக்க." எனக்கு முன்னால் மூன்று நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. அவன் எதிர்ச் சுவரோரம், ஃப்ளெக்ஸுக்குக் கீழே நிற்கிறான். மேடையில் இருந்து பார்த்தால் தெரிகிறது. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

சாரல்தானே என்பீர்கள்.

நிகழ்ச்சியின் கடைசியில் மௌன அஞ்சலி இருக்கிறது. அதை இப்போதே தொடங்குவோம். அவன் உள்ளே வந்து உட்காரும் வரை நான் பேசப்போவதில்லை. மைக்கை விடப்போவதும் இல்லை. எவ்வளவு நேரம் நிற்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது.

எல்லோரும் எழுந்து நில்லுங்கள். கதவருகே இருப்பவர் மட்டும், ஒரு துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போங்கள்.