எடைக்கல்லுக்கு அடியில் ஈரக் கோணி

— கழுத்து கட்டையாட்டம் கீது டாக்டரம்மா. முக்கா மணி நேரம் ஆடாம படுன்னா, வலையில மாட்டுன மீனுகூட ஒத்துக்காது.

— நீங்க ஆடாததாலதான் நீலமேகம் அண்ணே, ஸ்கேன்ல அளவு சுத்தமா வந்துச்சு. உள்ள தூங்கிட்டீங்களா?

— தூக்கமா இன்னான்னு தெர்ல. மிசினு டங்கு டங்குன்னுச்சு. அப்பால அதுவே மீன்புடி போட்டு இஞ்சினாயிருச்சு. நான் கடலுக்கு அடியில கெடக்கறேன். தலைக்கு மேல காசிமேடு மிதந்துகினு போவுது, தராசு, ஐஸ் பொட்டி, ஏலங்கூவுற செல்வம் எல்லாம். மீனுங்க வந்து என் மண்டைய மோந்து பாக்குது.

— மீனு மோந்துச்சு, நாங்க அளந்தோம், சரியா? மூளையில இருக்கறது கெட்ட கட்டின்னா, கோலின்ங்கற ரசாயனம் அதுல ஏறியிருக்கும். உங்களுக்குக் கம்மி. மண்டையைத் திறக்க வேணாம், மூணு மாசம் பொறுத்துப் பாக்கலாம். அப்பவே சொல்லி அனுப்பினேனே, எதுக்குத் திரும்பி வந்தீங்க?

— அக்காங், சொன்னீங்கோ. ஒண்ணுமில்லன்னு நான் போய்ச் சொன்னதும் எம் பொண்டாட்டி ராஜாத்தி அழுதுகினே சிரிச்சா. அம்மனுக்குப் பூ வாங்கப் போய்க்கிறா. நான் இருவது வருசமா மீனு நிறுக்கறவன், அதான் கேக்கறேன். கம்மின்னா, எடைக்கல்லு எது?

— தண்ணிதான். மூளையில தண்ணி இவ்வளவுன்னு ஒரு கணக்கு உண்டு. அதை வெச்சுத்தான் மத்ததை அளப்போம், சரியா?

— கட்டியச் சுத்தி வீங்கிக் கீதுன்னீங்களே. வீக்கம்னா தண்ணி தானே?

— ஆமா.

— அப்ப கல்லு கனத்துப் போச்சேம்மா. கல்லுக்கு அடியில ஈரக் கோணி வெச்சு, மீனைக் கம்மியாக் காட்டி நானே எத்தினியோ தபா வாங்கியிருக்கறேன்.

— …கொஞ்சம் உக்காருங்க. வீங்கின இடத்துத் தண்ணியும் இதுல பதிவாகியிருக்கு. நான்தான் கணக்குல வழக்கமான தண்ணி நம்பரைப் போட்டுட்டேன், திருத்திப் போடறேன்.

— நிதானமாப் போடுங்கோ. எனக்கு இன்னும் தண்ணிக்குள்ளயே கெடக்கற மாதிரிதான் கீது. உங்க கொரலு மேல எங்கியோ கேக்குது.

— அண்ணே.

— இன்னா, ஏறிச்சா?

— கோலின் எல்லைக் கோட்டைத் தாண்டிடுச்சு. திறந்துதான் ஆகணும். தப்பு என்னோடது.

— நல்லவேளை, கேட்டேன்.

— ராஜாத்தி அக்காகிட்ட நானே சொல்றேன்.

— வேணாம். அதோ, பூவைத் தூக்கிகினு வந்துகினு கீறா பாருங்கோ. ஒண்ணுமில்லன்னு பொய் எடை போட்டு அவ கையில குடுத்தவன் நானு. என் ராஜாத்திக்கு ஒரு நெசம் பாக்கி கீது.