கிராமுக்கு நூறு

இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒன்றே ஒன்று தின்றாலும் உதடு இட்லி மாதிரி வீங்கிவிடும். அப்படிப்பட்டவன் முப்பத்தொரு வருடம் இறால் கம்பெனியில் குப்பை கொட்டினேன் என்றால் யாருக்குமே சிரிப்பு வரும். நானும் சேர்ந்துதான் சிரிப்பேன். மேடம், நேற்று உங்கள் உணவுப் பாதுகாப்பு ஆபீஸில் நீங்கள் என்னை உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "நடந்தத உங்க கைப்பட எழுதிக் குடுங்க சார்" என்றீர்கள். எவ்வளவு பக்கம் வேண்டுமானாலும் எழுதலாம் என்றும் சொன்னீர்கள். எனக்கு உள்ளபடியே சந்தோஷம். என் தொழிலைப் பற்றி இதுவரை யாரும் என்னிடம் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. பெயர் கிருபாநிதி, வயது ஐம்பத்தாறு, சொந்த ஊர் நாசரேத், வேலை தரக்கட்டுப்பாட்டு மேனேஜர்.

தொழிலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் கம்பெனி இறாலை உரித்து, அவித்து, கல்லாக உறையவைத்து, பாக்கெட் போட்டுக் கப்பலேற்றுகிறது. வாங்குகிறவர்கள் பனியை இளகவிட்டு, பாக்கெட்டை வெட்டி, அப்படியே தட்டில் கொட்டித் தின்பார்கள். அடுப்புக்கே வேலை இல்லை. 'ரெடி டு ஈட்' என்று அட்டையிலேயே போட்டிருக்கும். இந்த மாதிரி உணவில் லிஸ்டீரியா என்று ஒரு கிருமி வரலாம். மற்ற கிருமிகள் குளிரில் சுருண்டு படுத்துவிடும். இது ஃப்ரிட்ஜுக்குள்ளேயே மெதுவாகக் குடும்பம் பெருக்கும். கல்லாக உறைந்தால்தான் சும்மா இருக்கும். திடகாத்திரமான ஆட்களை இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வயதானவர்களும் பிள்ளைத்தாய்ச்சிகளும்தான் பயப்பட வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் கிருமிக்கு நாட்டுக்கு நாடு ஒரு சட்டம். அமெரிக்காக்காரன் இருபத்தைந்து கிராம் எடுத்துப் பார்ப்பான், ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பான். ஐரோப்பாவில், கிருமி வளர முடியாத உணவாக இருந்தால், ஒரு கிராமுக்கு நூறு வரை பரவாயில்லை. கனடாவும் ஆஸ்திரேலியாவும்கூட அப்படிப்பட்ட உணவுக்கு நூறு வரை போகும். நம் நாட்டு அளவு உங்களுக்கே தெரியும். ஆக, தூத்துக்குடியில் ஒரே அண்டாவில் வெந்த இறால், ஒரு துறைமுகத்தில் இறங்கினால் குற்றவாளி, இன்னொரு துறைமுகத்தில் இறங்கினால் மாப்பிள்ளை. எந்த நாட்டில் எவ்வளவு என்று கலர் கலராக ஒரு அட்டவணை எழுதி லேப் சுவரில் ஒட்டியிருந்தேன். ஒரு லாட்டின், அதாவது ஒரே தடவையில் வெந்த சரக்கின், ரிசல்ட் வந்ததும் அட்டவணை முன்னால் நின்று பொருத்தம் பார்ப்பேன். அமெரிக்கா அமையவில்லையா, கவலை வேண்டாம், ஐரோப்பாவில் நல்ல இடம் இருக்கிறது. லேபில் எனக்குக் 'கல்யாணத் தரகர்' என்றே பெயர். எல்லாம் சட்டப்படிதான். என் காலத்தில் ஒரு கன்டெய்னர்கூடத் திரும்பி வந்ததில்லை, அதில் எனக்குப் பெருமை உண்டு.

இந்துமதி போன வருடம் மைக்ரோபயாலஜிஸ்டாகச் சேர்ந்தாள். ஆழ்வார்திருநகரிப் பெண். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. வேலையில் புலி. கிருமி எண்ணுகிற தட்டை வெளிச்சத்தில் பிடித்து அவள் பார்க்கும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள். நான்தான் பழக்கினேன். என் பிள்ளைகளுக்குக்கூட நான் அவ்வளவு பொறுமையாக எதையும் சொல்லிக் கொடுத்ததில்லை. அவளிடம் ஒரே ஒரு கோளாறு, அட்டவணையை அவள் மதிக்கவில்லை.

அக்டோபரில் நானூற்றுப் பதினேழாம் லாட்டின் ரிசல்ட் வந்தது. கிராமுக்கு நாற்பது. ஐரோப்பாவுக்கு எழுது என்று இந்துமதியிடம் சொன்னேன்.

"நாப்பது இருக்கே சார்."

"நூறு வரைக்கும் ஆகும்மா."

"நூறுங்கது ஆபீஸ்ல உக்காந்து எழுதுன நம்பர்தான சார். இத உங்க வீட்டுப் பிள்ளைக்குக் குடுப்பீயளா?"

"தாராளமாக் குடுப்பேன்."

"அப்ப இப்பவே ஒண்ணு எடுத்துச் சாப்பிட்டுக் காட்டுங்க."

முதலில் சிரித்தது, என் உதடு சங்கதி தெரிந்த அசிஸ்டென்ட் ஜெஸ்டின். பிறகு தட்டு கழுவுகிற பெண்கள் சிரித்தார்கள். கடைசியில் இந்துமதியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள். மத்தியானம் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்க சார், விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றாள். எனக்குக் கோபமே இல்லை. மனசு கொஞ்சம் வலித்தது, அதையும் மறைக்கவில்லை. முப்பத்தொரு வருடம் நான் கும்பிட்ட எண் அது. அந்த எண் சரியா தப்பா என்று ஒருத்தி கேட்டுவிட்டாள், பதில் சொல்ல எனக்கு வாய் இருந்தும் உதடு இடம் கொடுக்கவில்லை. முதலாளி அவள் பேச்சைக் கேட்டு அந்த லாட்டை எந்த நாட்டுக்கும் அனுப்பாமல் குளிர் கிட்டங்கியில் நிறுத்திவைத்தார்.

அதே மாதம் அவள் இன்னொரு நாள் என் அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். நாலு மாதம். லிஸ்டீரியா வளர்க்கிற மேஜையில் வேலை வேண்டாம், வேறு ஏதாவது கொடுங்கள் என்றாள். நியாயமான பேச்சு. அன்றைக்கே தண்ணீர் பரிசோதனைக்கு மாற்றிவிட்டேன். லட்டு வாங்கிவரச் சொல்லி லேபில் எல்லோருக்கும் கொடுத்தேன். காரணம் மட்டும் சொல்லவில்லை, அது அவள் சொல்ல வேண்டிய சேதி.

நவம்பரில் கம்பெனியின் ஆண்டு விழா. விருந்துப் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். "நம்ம பிள்ளையள் வருசம் பூரா இறால் உரிக்காவ, ஒரு நாளாவது வெளிநாட்டுக்காரன் திங்க மாதிரி தின்னு பாக்கட்டும்" என்று முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிட்டங்கியிலிருந்து நானூற்றுப் பதினேழில் பன்னிரண்டு பெட்டி எடுத்து, வெள்ளிக்கிழமை கேன்டீன் ஃப்ரிட்ஜில் பனி இளக வைத்தேன். சனிக்கிழமை விழா. அன்று காலையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். மழை என்றால் மழை, மாப்பிள்ளையூரணிப் பக்கம் தெருவெல்லாம் தண்ணீர். விழா அடுத்த வியாழனுக்குத் தள்ளிப்போனது. இறால் ஆறு நாள் அந்த ஃப்ரிட்ஜில் கிடந்தது. முழங்காலால் முட்டுக் கொடுத்தால்தான் கதவு மூடும், அப்படி ஒரு ஃப்ரிட்ஜ்.

தூக்கிப் போட்டிருக்கலாமே என்பீர்கள். நானும் யோசித்தேன். ஆனால் வாங்குகிறவன் வீட்டில் மட்டும் நல்ல ஃப்ரிட்ஜ் இருக்கும் என்று என்ன நிச்சயம்? சோதனை என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் சோதனை.

கேன்டீனில் சமைப்பவள் தங்கத்தாய், பெரியதாழைக்காரி. இறாலைப் பார்த்ததும் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.

"தங்கத்தாய், இதுக்குத் தீ வேண்டாம். எலுமிச்சம்பழம், வெங்காயம், பச்சமிளகா போட்டுப் பிசிறினாப் போதும்."

"அண்ணாச்சி, தீ பாக்காத மீனப் பூனைதான் திங்கும்."

"வெந்ததுதான். அட்டையிலேயே எழுதியிருக்கு."

"அட்டையா வந்து திங்கப் போவுது? சட்டியில ரெண்டு பெரட்டுப் பெரட்டித் தாரேன். அஞ்சு நிமிசம்."

மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை நானே கேஸை அணைத்துவிட்டு, ரெகுலேட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அவள் முறைத்துக்கொண்டே எலுமிச்சம்பழம் நறுக்கினாள். அந்த அஞ்சு நிமிஷத் தீ போதும், எந்தக் கிருமியும் மிஞ்சாது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அணைத்தேன்.

விழா அமோகமாக நடந்தது. இறால் உரிக்கும் பெண்கள் முதலில், "ஏளா, பச்சையா இருக்குமோ" என்று ஒருத்தி தட்டை ஒருத்தி எட்டிப் பார்த்தார்கள். புளிப்பும் உறைப்பும் நாக்கில் பட்டதும் வரிசை நீண்டுவிட்டது. இந்துமதி மட்டும் வெறும் தட்டோடு நின்றாள்.

"இது எந்த லாட் சார்?"

"நானூத்தி ஒம்பது" என்று சொல்லி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டினேன். அமெரிக்காவுக்குப் போன லாட், ஒன்றுகூட இல்லை என்று ரிசல்ட், கீழே அவள் கையெழுத்து. தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. புளிப்புக்கு ஏங்குகிற மாதம் வேறு. இரண்டு தட்டு சாப்பிட்டாள். கேட்டவளுக்குத்தானே மேடம் பதில் போய்ச் சேர வேண்டும்?

அன்று சாப்பிட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். டோக்கன் கொடுத்ததால் எண்ணிக்கை துல்லியம். மிஞ்சியதில் கொஞ்சம் எடுத்து நானே லேப் தட்டில் கிருமியை வளர்த்தேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கிராமுக்குப் பதினோராயிரம். கொஞ்சம் திடுக்கிட்டுத்தான் போனேன். ஆனாலும் யோசித்துப் பார்த்தேன், பதினோராயிரத்தையே தாங்கிவிட்டார்கள் என்றால் நூறுக்குக் கேள்வியே இல்லை. என் கட்சிக்கு இதைவிட என்ன பலம் வேண்டும்?

அதிலிருந்து தினமும் காலையில் உரிக்கும் கூடத்துக்குள் ஒரு சுற்றுப் போவேன். காய்ச்சல் உண்டா, வயிறு சரியாக இருக்கிறதா என்று ஒவ்வொருத்தியாக விசாரித்து ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். "பெத்த தகப்பன் மாதிரிலா கேக்காவ" என்று பேசிக்கொண்டார்கள். நாலைந்து பேருக்கு ஒருநாள் வயிற்றாலே போனது, மழைத் தண்ணீர் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரு மாதம் ஆனது. இந்துமதி நன்றாகத் தேறி, கன்னம் பளபளவென்று வளையவந்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஏழாம் மாதம் வளைகாப்புக்கு அழைத்தாள். ஆழ்வார்திருநகரிக்குப் பஸ் பிடித்துப் போனேன். இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையலோடு வந்து நின்றாள். காய்ச்சல் ஏதும் இல்லையே என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"லேசா இருக்கு சார். முதுகு வலிக்கி, குளிரா இருக்கு. அலைச்சல்னு அம்மா சொல்லுதாவ."

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அந்தக் கிருமி உடம்பில் இரண்டு மாதம்கூடப் பதுங்கியிருக்கும். கிருமியை அவளுக்கும் தெரியும், ஆனால் தின்றது நானூற்று ஒன்பது என்று நம்பியிருந்தாள். இந்த ஊரில் அது என்ன காய்ச்சல் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். டாக்டரிடம் பெயரைச் சொன்னால் போதும், அதற்கு மருந்து உண்டு. பிள்ளை பிழைக்கவும் வாய்ப்பு உண்டு. ஏன் சொல்லவில்லை என்று நேற்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். சொன்னால் மருந்து கொடுப்பார்கள். மருந்து கொடுத்த பிறகு வருகிற ரிசல்ட் எதை நிரூபிக்கும்? பாதியில் கலைத்த சோதனைக்கு என்ன மதிப்பு? நோட்டில் தேதி போட்டு, 'காய்ச்சல், முதுகுவலி' என்று எழுதிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்தேன். புளியோதரை பிரமாதம். அவள் அம்மா ஒரு டப்பாவில் கட்டியும் கொடுத்தார்கள்.

நாலாம் நாள் வயிற்றிலேயே குழந்தை இறந்துவிட்டது. பெண் குழந்தை. இந்துமதியும் பிழைத்தது மறுபிழைப்பு என்றார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எனக்கு வருத்தம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், கண் கலங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் கிருமியின் பெயர் வந்திருந்தது. வேறு எந்தத் தாய்க்கும் அது வெறும் பெயர். அவள் அதைத் தட்டுத் தட்டாக எண்ணியவள்.

"சார், அன்னைக்கு நாங்க தின்னது எந்த லாட்?"

"நானூத்தி ஒம்பதும்மா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

உடம்பு தேறியதும் அவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே லேபுக்கு வந்தாள். ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பாக்கெட் எடுத்து வைத்திருப்போம். நானூற்று ஒன்பதை எடுத்து வளர்த்துப் பார்த்தாள், ஒன்றுமில்லை. கிட்டங்கிக்குப் போய் நானூற்றுப் பதினேழை எண்ணிப் பார்த்தாள், பன்னிரண்டு பெட்டி குறைந்தது. தங்கத்தாயிடம் பேசினாள். அப்புறம்தான் உங்களிடம் வந்தாள். ஒரு படி விடாமல் வரிசையாகச் செய்திருக்கிறாள், பாருங்கள். நான் பழக்கிய பெண் இல்லையா?

மற்றவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஜெஸ்டினுக்கு எதுவும் தெரியாது. முதலாளிக்கும் தெரியாது. தங்கத்தாய் தடுத்தாள். லாட்டை எடுத்தவன், ரிப்போர்ட்டை மாற்றிக் காட்டியவன், தீயை அணைத்தவன், தெரிந்தும் வாயைத் திறக்காதவன் எல்லாம் நான் ஒருவன்தான். இதை யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், சுயநினைவோடு எழுதுகிறேன்.

நோட்டை இத்துடன் ஒப்படைக்கிறேன். பத்திரமாக வைத்திருங்கள், படித்தவர்கள் யாராவது கேட்டு வரக்கூடும். கடைசிப் பக்கத்தில் முடிவு இருக்கிறது. சாப்பிட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர், இன்று உயிரோடு இருப்பவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். குழந்தை இறால் சாப்பிடவில்லை, அதனால் அதை நான் எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.