ஓடும்போது திறக்காத கதவு

சிலிகான் பசையை ஈரத்தின் மேல் பூசக் கூடாது. அப்போதைக்கு ஒட்டிக்கொள்ளும், அடுத்த மழைக்குத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். வண்டியைச் சொந்தக் கையால் வீடாக்கக் கிளம்புகிறவர்கள் பலரும் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். நான் விடவில்லை. கூரையை நன்றாகக் காயவிட்டு, துருவைச் சுரண்டி, துணியால் துடைத்த பிறகுதான் பசையில் கை வைத்தேன். நீங்கள் வேண்டுமானால் மேலே தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம், மேடம். ஒரு சொட்டு உள்ளே இறங்காது.

நீங்கள் கேட்பது கதவைப் பற்றி என்று தெரியும். அதற்கு வருகிறேன். எந்த வேலையையும் நடுவிலிருந்து ஆரம்பித்து எனக்குப் பழக்கமில்லை.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெறும்வரை வேறு தொழில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற கையோடு, கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிக் களைத்துப்போன ஒரு பழைய மினி பஸ்ஸை ஏலத்தில் எடுத்தேன். சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, ஓரமாக ஒரு கழிப்பறை என்று நானே எல்லாவற்றையும் பொருத்தினேன். நானும் என் மனைவியும் அதிலேயே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பது என்று திட்டம். மகள் வந்து பார்த்துவிட்டு, "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்வாங்களே, அது இதுதான்பா" என்று சிரித்தாள்.

மனைவி எனக்காகப் பரிந்து பேசினாள். "விடுடி. சும்மா வீட்ல இருந்தா என் உயிரை எடுப்பாரு. வண்டியோட உயிரை எடுக்கட்டும்."

கிண்டல்தான். ஆனால் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவள்தான். ஜன்னல் திரைக்குத் துணி எடுத்ததும் அவள்தான். அவளை யாரும் கையைப் பிடித்து இழுத்து அந்த வண்டியில் ஏற்றவில்லை. இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

கிளம்பிய புதிதில் அவள் முன்னால், என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்து வந்தாள். இன்ஜின் சூட்டில் கால் வீங்குகிறது என்றாள். எனவே ஓட்டுநர் பகுதிக்கும் பின்னால் இருந்த வீட்டுக்கும் நடுவே பிளைவுட்டில் ஒரு தடுப்பு அடித்தேன். டீ கிளாஸ் நுழைகிற அளவுக்கு அதில் ஒரு சின்னக் கதவு. தாழ்ப்பாள் என் பக்கம். அவளைப் பின்னால் கட்டிலில் காலை நீட்டி உட்காரச் சொன்னேன். பிறகு ஜன்னல்கள். பழைய சறுக்குக் கண்ணாடிகள் கடகடவென்று ஆடின, இடுக்கு வழியாகத் தூசி வந்தது. ஒன்றில் கல் பட்டு விரிசலும் விழுந்திருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத் தடிமனான அக்ரிலிக் பலகைகளை வைத்துச் சுற்றிலும் பசை அடித்தேன். சுத்தியலால் அடித்தாலும் உடையாது. கூரையில் இருந்த காற்றுத் திறப்பு ஒழுகியது. அதற்குத் தகடு போட்டேன். சுவர்களுக்குள் தெர்மோகோல் அடைத்தேன். அதன்பின் வெளிச்சத்தம் உள்ளே கேட்கவில்லை. போனுக்கு சார்ஜ் போடுகிற இடத்தை, பேட்டரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று ஓட்டுநர் பகுதியில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. காரணமில்லாமல் நான் ஓர் ஆணிகூட அடித்தவனில்லை.

இனி கதவு. ஒரு மலை வளைவில் பக்கவாட்டுக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அவள் அப்போது எழுந்து நின்று எதையோ எடுத்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த பாத்திரம் பள்ளத்தில் உருண்டு போயிற்று, அவள் மேடையைப் பிடித்துக்கொண்டதால் தப்பினாள். வண்டியை ஓரம் கட்டி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அது நடிப்பில்லை, மேடம்.

லிஃப்டில் ஒரு விதி உண்டு. கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகராது; லிஃப்ட் நகர்ந்தால் கதவு திறக்காது. தளத்தில் வந்து நின்றால்தான் பூட்டு விடும். அதே ஜாதிப் பூட்டு ஒன்றை வாங்கி வண்டிக் கதவில் மாட்டினேன். என் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பொத்தான், உள்ளே அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு பொத்தான். மின்சாரம் போய்விட்டால் வெளியிலிருந்து திறக்க முக்கோணச் சாவி. மெக்கானிக் பையில் எப்போதும் இருக்கிற சாவிதான் அது. அன்று அவள் கதவைத் தட்டிப் பார்த்து, "இப்பதாங்க நிம்மதியா தூங்குவேன்" என்றாள்.

உள்ளே இருந்த பொத்தானை ஏன் எடுத்தீர்கள் என்று நேற்றுக் கேட்டீர்கள். டீசல் போட ஒரு பங்கில் நிறுத்தினேன். அவள் எனக்குச் சொல்லாமல் இறங்கிப் போயிருக்கிறாள். பின்னால் படுத்திருக்கிறாள் என்று நினைத்து நான் வண்டியை எடுத்துவிட்டேன். தடுப்பைத் தட்டி டீ கேட்டபோது பதில் வரவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தால், பங்க் வாசலில் நின்று போனில் மகளோடு பேசிக்கொண்டிருக்கிறாள். முகமெல்லாம் சிரிப்பு. நான் தலைதெறிக்க ஓடி வந்திருக்கிறேன், அவளுக்கு நான் போனதே தெரியவில்லை.

"விட்டுட்டுப் போயிட்டீங்களா? நல்ல ஆளுதான்" என்றாள். மகள் கர்ப்பமாக இருக்கிற செய்தியை அப்போதுதான் சொன்னாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பை அவள் வண்டிக்குள் சிரித்து நான் பார்த்ததில்லை. அது என்னைக் குத்தியது. அடுத்த ஊரில் நிறுத்தியதும் உள்பொத்தானைக் கழற்றினேன். வயர் சூடாகிறது, புதிது வாங்கிப் போடுகிறேன் என்று சொன்னேன். அவள் நம்பினாள். வயர் விஷயத்தில் நான் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அப்படித்தான். வண்டியில் இனி ஒரு குறையும் இல்லை என்று நான் நினைத்த நேரத்தில் மகளுக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது. படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா வேண்டும் என்றாள். எந்த மகளும் அப்படித்தான் சொல்லுவாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பிரசவம் ஆனால் குழந்தை, குழந்தை வளர்ந்தால் பள்ளிக்கூடம், அப்புறம் இரண்டாவது என்று அவள் அங்கேயே தங்கிவிடுவாள். நான் மட்டும் இந்த வண்டியை எங்கே ஓட்டிக்கொண்டு போவது?

அன்று காலை ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் நிறுத்தியிருந்தோம். ஒரே ஒரு பெரிய மரம். வண்டி அதன் நிழலில் நின்றது. வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடித்தோம்.

"பஸ் ஸ்டாண்டுல இறக்கி விட்ருங்க" என்றாள். "நானே போயிக்கறேன். நீங்க மெதுவா வண்டியை எடுத்துட்டு வாங்க."

"நாளைக்குப் போகலாமே."

"நாளைக்கு நாளைக்குன்னு ஒரு வாரமா இதையேதான் சொல்றீங்க. அவ அங்க தனியா கிடக்கறா."

"நான் தனியா இருந்தா பரவாயில்லையா?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "குழந்தை மாதிரி பேசாதீங்க. நான் எங்க போயிடப் போறேன்?"

பையை எடுத்து வர உள்ளே போனாள். பின்னால் கதவைச் சாத்தினாள். அது அவள் வழக்கம், கொசு வரும் என்று. நான் எழுந்து முன்பக்கம் ஏறி என் பொத்தானை அழுத்தினேன். அவள் போன் அங்கேதான் சார்ஜில் கிடந்தது. பூட்டு விழுந்த சத்தம் சுத்தமாக இருந்தது. தடுப்பின் சின்னக் கதவு அப்போது திறந்திருந்தது, அதன் வழியாகத்தான் பேசினோம்.

"என்னங்க, கதவு மாட்டிக்கிச்சு போல."

"இரு. பார்க்கறேன்."

டூல்ஸ் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஸ்க்ரூடிரைவரால் பூட்டின் மேல் தட்டினேன், ஒரு திருகைத் தளர்த்தி மறுபடி முடுக்கினேன். வேலை நடக்கிற சத்தம் கேட்டால் உள்ளே இருக்கிறவர்களுக்குத் தைரியம் வரும். இது எங்கள் தொழில் பாடம்.

"அவசரப்படாம பாருங்க" என்றாள் உள்ளே இருந்து. "கையைக் கிழிச்சுக்கப் போறீங்க."

அந்த வார்த்தை என்னை அசைத்துவிட்டது. அப்போதே திறந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். பஸ் போகட்டும், அதற்குப் பிறகு திறக்கலாம், அதற்குள் அவள் மனசும் மாறலாம் என்று தோன்றியது. லிஃப்டில் மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை வெளியே எடுத்திருக்கிறேன். முதலில் எல்லோரும் கத்துவார்கள், மூச்சு முட்டுகிறது, செத்துப்போகிறேன் என்பார்கள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவார்கள். கதவைத் திறந்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ஒருவரும் செத்ததில்லை.

வெயில் ஏறியபோது அவள் வேறு மாதிரி பேசினாள்.

"என்னங்க, உங்களால முடியலைன்னா வேற மெக்கானிக் யாரையாவது கூப்பிடுங்க. ரொம்பப் புழுங்குது. தலை சுத்துது."

வேறு மெக்கானிக். நான் போட்ட பூட்டுக்கு. நான் முன்பக்கம் போய்த் தடுப்பின் சின்னக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். பிறகு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் தட்ட ஆரம்பித்தாள். தெர்மோகோல் அடைத்த சுவர் என்பதால் யாரோ தலையணையைத் தட்டுகிற மாதிரிதான் வெளியே கேட்டது. மைதானத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்க ஒரு இளம் ஜோடி வேன் கொண்டு வந்து நிறுத்தினார்கள். அந்தப் பெண் கேனை வைத்துவிட்டு என் பக்கம் வந்தாள்.

"அங்கிள், உங்க வண்டில யாரோ தட்டற மாதிரி இருக்கே?"

"ஆண்ட்டி உள்ள ஷெல்ஃப் மாட்றாங்கம்மா."

"இந்த வெயில்லயா?"

"சொன்னா கேக்கற ஆளா?" என்றேன்.

அவள் சிரித்தாள். கணவன் ஹாரன் அடித்தான். அவர்கள் போன பிறகு தட்டுவது குறைந்தது. பிறகு நின்றது. அடங்கிவிட்டாள் என்று நினைத்தேன். உடனே திறந்தால், 'தட்டினால் திறந்துவிடுவார்' என்று ஆகிவிடும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டேன். உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

திறந்தபோது அவள் கதவோரமாகத் தரையில் இருந்தாள். பை தோளில் மாட்டியபடியே இருந்தது. நான் போட்ட கூச்சலுக்குத்தான் சாலையில் போனவர்கள் ஓடி வந்தார்கள்.

இதுவரை நான் உங்களிடம் சொல்லியிருந்தது வேறு. பூட்டு மாட்டிக்கொண்டது, முட்டி மோதினேன், பிறகு மயக்கம் வந்து நாற்காலியில் சாய்ந்துவிட்டேன் என்று சொன்னேன். நீங்களும் ஏறக்குறைய நம்பிவிட்டீர்கள். மகள் நம்பிவிட்டாள். ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே என் தலையைத் தடவி, "நீங்க என்னப்பா செய்வீங்க, உங்களால முடிஞ்சதைச் செஞ்சீங்க" என்றாள். அப்படியே விட்டிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்.

ஆனால் நேற்று வண்டியைப் பார்க்க வாகன ஆய்வாளரைக் கூட்டி வந்தீர்கள். அவர் கதவை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு, என்னை ஒரு பொருட்டாகவே நினைக்காமல், "கத்துக்குட்டி வேலை மேடம். யாரோ அரைகுறையா மாட்டியிருக்காங்க. இது மாட்டிக்கத்தான் செய்யும்" என்றார். பக்கத்தில் நின்ற மருமகனும் தலையை ஆட்டினார். இரவு முழுக்க எனக்கு உறக்கமில்லை.

அதனால்தான் உங்களை வரச் சொன்னேன். வந்ததும் நீங்கள் எனக்கு ஒரு போட்டோ காட்டினீர்கள். மைதானத்து மண்ணில் நாற்காலிக் கால்களின் தடம். முதலில் வண்டிக்குப் பக்கத்தில், பிறகு மரத்தடியில், பிறகு மரத்துக்கு அந்தப் பக்கம். மயங்கிக் கிடந்த ஆள் நாற்காலியை எப்படி நகர்த்தினார் என்று கேட்டீர்கள். இப்போது சொல்கிறேன். நிழல் வண்டியை விட்டு விலகியதை நான் பார்த்தேன். தகட்டில் கை வைத்தேன், சுட்டது. எடுத்துவிட்டேன். அது எத்தனை சூடு என்றும் உள்ளே காற்று வர ஓர் இடுக்குகூட இல்லை என்றும் என்னைவிட யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு இடுக்கையும் அடைத்தவன் நான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழலோடு போனேன்.

பொத்தான் நாலு எட்டு வைத்தால் தொடுகிற தூரத்தில் இருந்தது. முக்கோணச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அவள் தட்டிய அத்தனை நேரமும் அந்தப் பூட்டு திறக்கத் தயாராகவே இருந்தது. நான் திறக்கவில்லை, அவ்வளவுதான். ஆய்வாளரைக் கூப்பிட்டு அவர் சொன்னதைத் திருத்தச் சொல்லுங்கள். கதவில் எந்தக் கோளாறும் இல்லை. என் மகளிடமும் அதைச் சொல்லிவிடுங்கள், அவள் அப்பாவின் வேலையைத் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.