பூட்டின வீட்டில் இரண்டு ஜோடி செருப்பு

— இன்னொரு தடவை தள்ளிப் பாரு அண்ணா.

— தோள்தான் கழலும் பாப்பா. கதவு அந்தக் காலத்துச் சரக்கு, அசையாது.

— எல்லாம் உன்னாலதான். இது நினைவு இல்லம், செருப்பைக் கீழே அலமாரியில விடு, சாயங்காலம் அலமாரி காலியா இருந்தா உள்ளே ஆள் இல்லைன்னு காவலாளி எட்டிக்கூடப் பார்க்காம பூட்டிட்டுப் போயிடுவார்னு வாசல்லயே சொன்னேனே.

— நேத்து வாங்கினது. அலமாரிக்கு ஒரு பூட்டு உண்டா, டோக்கன் உண்டா? எவனாவது மாட்டிட்டுப் போனா நான் வெறுங்காலோட விமானம் ஏறவா?

— என்னோடதையும் ஏன் பையில போட்டுத் தூக்கிட்டு வந்த?

— பாதிச் சரக்கை வாசல்ல விட்டுட்டு வர்ற கடைக்காரன் இருக்கானா? அந்தக் காவலாளிக்கு போன் போடு.

— எடுக்கல.

— உள்பக்கமிருந்து திறக்க வழி?

— கிடையாது. இந்த வீட்டுக் கவிஞரோட அண்ணன் தினமும் இவரை இந்த அறையில வெச்சுப் பூட்டிட்டுத்தான் கடைக்குப் போவாராம். இந்த மேஜையைப் பாரு, ஓரமெல்லாம் நகத்தால கீறி வெச்சிருக்கார்.

— அதனாலதானே நாலு வரி எழுதினார். ஊருக்கு ஊர் அண்ணன்காரனுக்குத்தான் கெட்ட பேரு.

— நீயும் அதைத்தானே பண்ற? திங்கட்கிழமை எனக்குக் கடைசிப் பரீட்சை. அதுக்குள்ள வந்து ஊருக்கு இழுத்துட்டுப் போற.

— நான் எங்க இழுத்தேன்? அப்பா அனுப்பினார், வந்தேன். நாளன்னைக்கு, அதே திங்கட்கிழமை, மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காரும்போது பொண்ணு எங்கேன்னா என்ன சொல்றது?

— பரீட்சை எழுதிக்கிட்டிருக்கான்னு சொல்றது.

— அப்பா முன்னாடி நின்னு அதைச் சொல்ல யாருக்கு வாய் இருக்கு? மணி என்ன?

— ஆறடிக்கப் பத்து நிமிஷம்.

— ஆறுக்குள்ள கிளம்பாட்டி விமானம் போச்சு, அடுத்தது செவ்வாய்க்கிழமைதான். இரு, அவரேதான் கூப்பிடறார். சொல்லுங்கப்பா... இல்லப்பா, உள்ளே வெச்சுப் பூட்டிட்டாங்க... கவிஞர் வீடு... வீட்டுக்காரர்கிட்ட பேசணுமா? அவர் செத்து நூறு வருஷமாச்சுப்பா... சத்தியமாப்பா, தள்ளிப் பார்த்தாச்சு... ஆமாப்பா, நான் லாயக்கில்லாதவன்தான்... சரிப்பா.

— அண்ணா. அழறியா?

— அவர் கத்தினா எனக்கு மூக்கு ஒழுகும். சின்ன வயசுல இருந்து அப்படித்தான்.

— கையை நீட்டு.

— என்னது?

— இந்தக் கதவுச் சாவி. சனிக்கிழமையில இங்க வர்றவங்களுக்கு வீட்டைச் சுத்திக் காட்டுறது நான்தான். காவலாளிக்கும் நான் போன் போடல. எனக்காக நீ திட்டு வாங்கறதைப் பார்க்க முடியல. வா, ஓடினா பிடிச்சிடலாம்.

— சாவியை உள்ளே வை.

— அண்ணா...

— வந்ததுல இருந்து உன் கை உன் தோள்பையை விட்டு நகரல. எதிர்ல நிக்கிறவங்க கையைப் பார்த்துத்தானே பதினஞ்சு வருஷமா வியாபாரம் பண்றேன். ஆறு அடிக்கட்டும், அப்புறம் திற.

— தெரிஞ்சுமா அவ்வளவு திட்டு வாங்கின?

— அப்பாகிட்ட பொய் சொன்னா என் குரலே காட்டிக்கொடுத்துடும் பாப்பா. பூட்டிட்டாங்கன்னு சொல்லணும்னா நிஜமாவே பூட்டியிருக்கணும். பின்னே, ரெண்டு பேர் செருப்பையும் நான் எதுக்கு மாடிக்குத் தூக்கிட்டு வந்தேன்னு நினைச்ச?