வேறு கருவியில் ஒலிக்கிறது

ஒரு பாட்டைப் பாதியில் நிறுத்தினால் எனக்கு வந்த தும்மல் வராமல் போனது மாதிரி இருக்கும். நடந்தது எல்லாவற்றுக்கும் ஆரம்பம் இதுதான் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நம்பாவிட்டாலும் பாதகமில்லை. நான் களைத்துப்போய்த்தான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. கண்ணாடியைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவேன். ஊரார் பார்வையெல்லாம் என் கையில். வீட்டில் மட்டும் நான் இருப்பது யார் கண்ணுக்கும் தெரியாது. அங்கே என் மனைவியும் மகனும் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், சிரிப்பார்கள். நான் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

சமையலறை மேடையில் ஒரு ஸ்பீக்கர் இருக்கிறது. உருண்டையாக இருப்பதால் அவள் வைத்த பெயரும் உருண்டை. "உருண்டை, பாட்டுப் போடும்மா" என்றால் போடும். என்னை அவள் அந்தக் குரலில் கூப்பிட்டதில்லை என்பது வேறு விஷயம். பாட்டுக் கணக்கு ஒன்றுதான். அதுவும் மலிவான திட்டம். ஒரு நேரத்தில் ஓர் இடத்தில்தான் பாடும். மகன் தன் போனில் ஏதாவது போட்டால் உருண்டை வாயை மூடிக்கொள்ளும். அவள் போனில் 'வேறு கருவியில் ஒலிக்கிறது' என்று ஒரு வரியும், அவன் கேட்கும் பாட்டின் பெயரும் வரும்.

அம்மா பார்த்துவைத்த வேலையை மகன் விட்ட அன்று இருவருக்கும் பெரிய சண்டை. "இனிமே எனக்குப் பிள்ளையே இல்லைன்னு நினைச்சுக்கறேன்" என்றாள் அவள். "தாராளமா நினைச்சுக்கோம்மா" என்று பையைத் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான். இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, ஒரே வீம்பு. அவனாகப் பேசட்டும் என்று இவள். அவளாகக் கூப்பிடட்டும் என்று அவன். ஆனால் அவன் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறவில்லை. இவள் கடவுச்சொல்லை மாற்றவில்லை.

காலையில் இவள் பாட்டைப் போட்டுவிட்டுக் காத்திருப்பாள். கேட்பதற்கு அல்ல, நிற்பதற்கு. பாட்டு நின்றதும் முகம் மலர்ந்துவிடும். "எழுந்துட்டான்" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நிற்கும். "பஸ் ஏறிட்டான்." பாட்டு நின்றால் சந்தோஷப்படுகிற வீடு உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

என் விடுமுறை நாளில் நான் கேட்ட ஒரே வரம், ஒரு பாட்டை முழுசாகக் கேட்பது. அன்று நான்கு பாட்டுகள் பாதியில் நின்றன. அவள் குளிக்கப் போனபோது கடவுச்சொல்லை மாற்றினேன். புதியதை உருண்டையிலும் எங்கள் இருவர் போனிலும் போட்டேன். என் பாட்டைக் கடைசி வரை கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு பாட்டு நிற்கவே இல்லை. ஒன்று முடிந்து அடுத்தது, அது முடிந்து அடுத்தது. அவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, அவனுக்கு உடம்பு சரியில்லையோ?" என்றாள். இரவு சாப்பிடவில்லை. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். திட்டு வாங்கத் தெம்பில்லை.

மறுநாள் கடையில், தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சலுக்கு நடுவே, என் போனில் ஒரு பாட்டைப் போட்டேன். ஒலியே இல்லாமல். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அவள் வாசலிலேயே நின்றாள். "எழுந்துட்டான்ங்க. லேட்டா எழுந்திருக்கான், சோம்பேறி." அன்று எனக்குச் சூடாகப் பரிமாறினாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் என்னென்ன கேட்டான் என்று சொன்னாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான்.

சில நாள் கழித்து மகன் கடைக்குப் போன் செய்தான்.

"அப்பா, அம்மா என்னைப் பாட்டுக் கணக்குலேருந்து வெளிய தள்ளிட்டாங்களா?"

"அவ கோபம் உனக்குத் தெரியாதா?" என்றேன். இது பொய் இல்லை. கேள்வி.

"சரிப்பா. புரிஞ்சுது."

அதன் பிறகு அவனை நான் பொறுப்பாகவே பார்த்துக்கொண்டேன். காலையில் துள்ளலாக ஒன்று, மதியம் தூக்கத்துக்கு ஒன்று. ஒரு வாரம் கைக்கு வந்த காதல் பாட்டாகப் போட்டுவிட்டேன். என் ரசனைதான், வேறென்ன. "பய யாரையோ பாத்துட்டான்" என்று அவள் கண்டுபிடித்தாள். நான் வீட்டில் இருக்கும்போது போனைத் தொடமாட்டேன். அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தாள். "நீங்க வந்துட்டா அவன் பாட்டே போடறதில்லை. உங்க மேல அவ்வளவு கோபம்." தலையாட்டினேன்.

அவன் நிஜமாகவே ஒரு பெண்ணைப் பார்த்துக் கல்யாணமும் செய்துகொண்டான். அது எனக்குத் தெரியவந்தது அந்தப் பெண் போன் செய்தபோது. "மாமா, அவருக்கு வயித்துல ஆபரேஷன். உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி அம்மா குரலை ஒரு தடவை கேக்கணும்ங்கறார்." பயத்தை மறைத்துக்கொண்டு மரியாதையாகப் பேசினாள். நல்ல பெண்.

சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் இருந்தேன். ஆனால் அன்று காலையிலேயே அவனுக்காக ஆட்டப் பாட்டாக வரிசையாகப் போட்டிருந்தேன். வீட்டுக்குப் போனால் இவள் அதையே முணுமுணுத்துக்கொண்டு துணி மடிக்கிறாள். "இன்னைக்கு ஐயா செம குஷி போல" என்கிறாள். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? மறுநாள் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். "அவ ஒண்ணும் சொல்லலம்மா" என்றேன். அதுவும் பொய் இல்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லைதானே.

அவன் பிழைத்துக்கொண்டான். நல்ல வைத்தியர்கள்.

நேற்று அந்தப் பெண் கடைக்கு வந்தாள். யாரென்று அவள் சொல்லும் முன்பே, கையிலிருந்த கண்ணாடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மகனுக்கு நான் பொருத்திக் கொடுத்த சட்டம் அது. ஒரு பக்கக் கால் உடைந்திருந்தது.

"ஆஸ்பத்திரியில விழுந்துடுச்சு மாமா. வேற எங்கயும் குடுக்கக் கூடாது, உங்க கையாலதான் சரிபண்ணணுமாம்."

மாற்றிப் பொருத்தினேன். மூக்கில் அழுந்தும் இடத்துக்குப் புது மெத்தை வைத்தேன். இளைத்திருப்பான், பழைய அளவில் வழுக்கும் என்று கொஞ்சம் இறுக்கினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"மாமா, அம்மாகிட்டப் பேசுங்கன்னு கேக்க வரல. அந்தப் பாட்டுக் கணக்கோட பாஸ்வேர்ட் மட்டும் வேணுமாம். தினம் ஒரு பாட்டை நிறுத்துனா போதும், நான் இருக்கேன்னு அம்மாவுக்குத் தெரிஞ்சிடும்ங்கறார். எனக்கு ஒண்ணும் புரியல. ஆனா அதைச் சொல்லும்போது அழுதுட்டார்."

அவனுக்கும் தெரிந்திருக்கிறது. இத்தனை நாள் அது என் மனைவியின் ரகசியம் என்று நினைத்திருந்தேன்.

கடவுச்சொல்லைச் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். அவள் என் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

இன்று சாயங்காலம் வீட்டில் இருந்தேன். உருண்டை பாடிக்கொண்டிருந்தது. நான் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். என் போன் மேசைமேல். பாட்டு நின்றது.

அவள் ஈரக்கையோடு ஓடி வந்தாள். "பாத்தீங்களா, நீங்க இருக்கும்போதே போட்டுட்டான். கோபம் தீந்துடுச்சுங்க." தன் போனை எடுத்துப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இது சின்ன வயசுல நான் அவனைத் தூங்கவைக்கப் பாடின பாட்டு" என்றாள். இத்தனை மாதத்தில் அந்தப் பாட்டைப் போட எனக்குத் தோன்றியதில்லை. தெரிந்தால்தானே தோன்றும்.

என் போன் ஒளிர்ந்தது. புதிய கருவி ஒன்று உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறது, இது நீங்கள்தானா என்று கேட்டது. இல்லை என்று அழுத்தினேன். அது நான் இல்லைதானே. அம்மா மறுபடி தள்ளிவிட்டாள் என்று அவன் நினைத்துக்கொள்வான். ஒரு தடவை தாங்கினவன்தான்.

"என்னங்க, போயிட்டான். பாதியிலயே போயிட்டான்."

"சிக்னல் இருந்திருக்காது. வருவான், இரு" என்று போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, அதே பாட்டை விட்ட இடத்திலிருந்து போட்டேன்.

"வந்துட்டான்" என்று வெளியே அவள் குரல் கேட்டது.

குழாயை மூடிவிட்டுக் கவிழ்த்த வாளிமேல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிள்ளையைத் தனி ஆளாக வளர்ப்பது எவ்வளவு அலுப்பான வேலை என்று பெற்றவனுக்குத்தான் தெரியும்.