சம்பூர்ணத்தின் ஒரே படம்

கண்ணாடி நெகட்டிவைச் சோடா கலந்த வெந்நீரில் ஊறப்போட்டால் முகம் வழன்று உரிந்துவிடும். மிஞ்சுவது நல்ல கண்ணாடி, ஐயா. சாமி படத்துக்குச் சட்டம் போடத் தோதானது. படச்சட்டக் கடை தேசப்பனை நீங்கள் லாக்கப்பில் பிடித்து வைத்திருப்பதால் இதைச் சொல்கிறேன். நானும் ஒரு சமயம் அவனைச் சந்தேகப்பட்டவன்தான்.

பொன்னேரி ஸ்டேஷன் தெருவில் அறுபத்தொன்றில் வீட்டின் முன்கட்டிலேயே ஸ்டூடியோ போட்டேன். பழவேற்காட்டுக்குப் படப்பிடிப்புக்கு வந்த நடிகைகள், நிலக்காரர் வீட்டு மணப்பெண்கள், காரில் வந்து ஒரு பக்க முகத்தை மட்டும் காட்டும் முதலாளி மனைவிமார், எல்லாரும் மூலையில் எண் கீறிய நெகட்டிவ் கண்ணாடியாக என் பெட்டிகளில் இருந்தார்கள். அவை போனால் நான் வெறும் பாஸ்போர்ட் படக்காரன்.

எழுபத்து மூன்றில் பெட்டிகள் எடை குறையத் தொடங்கின. கூட்ட வருபவளைச் சந்தேகித்தேன். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவனைச் சந்தேகித்தேன். மூடியில் தலைமுடி ஒட்டிவைத்துப் பார்த்தேன். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் இருக்கும் படங்களின் மூலையைத்தான் பார்ப்பேன். போன வாரம் பக்கத்துத் தெரு அரசப்பன் வீட்டு முருகன் படத்தின் கண்ணாடியில் நான் கீறிய எண் இருந்தது. நடிகை குணசுந்தரியின் எண். நேராகத் தேசப்பன் கடைக்குப் போனேன்.

தேசப்பன் எதையும் ஒளிக்கவில்லை. "அக்காதான் குட்த்துச்சி நைனா. வாணாம்னு தூக்கிப் போடறதுன்னு சொல்லிச்சி, வாங்கிக்கினேன்" என்றான்.

அக்கா என்றால் என் மனைவி சம்பூர்ணம். வீட்டுக்கு வந்து அவளிடம் நிதானமாகத்தான் கேட்டேன். அவளும் அடுப்பைப் பார்த்தபடி நிதானமாகத்தான் சொன்னாள்.

"ஆமா, நாந்தான் குட்த்தேன். கண்ட பொம்பளையெல்லாம் புட்ச்சி பொட்டியில வெச்சிக்கினு கீறியே, என்னிய ஒரு வாட்டி உக்கார வெச்சியாயா?"

அதில் நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். குணசுந்தரியைத் தன் கையாலேயே கழுவியதாகச் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நிறுத்தத்தான் கழுத்தில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் ஆனது, நின்றுவிட்டது.

பிறகு கூறைப்புடவையைக் கட்டிவிட்டேன். ஸ்டூடியோ நாற்காலியில் உட்காரவைத்து, தலை சாயாமல் பின்னால் முட்டுக் கொடுத்தேன். மிச்சமிருந்த ஒரு புதுக் கண்ணாடியில் படம் எடுத்தேன். நல்ல வெளிச்சம். கழுத்தில் இருந்த தடத்தை நெகட்டிவில் பென்சில் வைத்துச் சரிசெய்தேன். நடிகைகளுக்கு மருவை மறைப்பேன், அந்த மாதிரிதான்.

தேசப்பனை அனுப்பிவிடுங்கள், ஐயா; அவள் சாவுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை. அவள் என்னிடம் ஆசையாகக் கேட்டது ஒரே ஒரு படம். எந்தப் புருஷன் முடியாது என்பான்?